இணையம் இல்லாத இடத்தில் டேப்லெட்டில் வீடியோ பார்க்க: கோப்புகளை மாற்றும் முறை

அறுவை சிகிச்சை முடிந்து அப்பா பத்து நாள் படுக்கையில் இருந்தபோது, அறையில் இணையச் சிக்னல் எட்டிப் பார்க்கவே இல்லை என்பதால், கேம்கார்டரில் எடுத்திருந்த தங்கையின் கல்யாண வீடியோவையும் வேறு சில குடும்ப வீடியோக்களையும் ஒரு டேப்லெட்டில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதல் கோப்பைத் தொட்டார். படம் ஓடியது, எல்லோருடைய உதடுகளும் அசைந்தன, ஒலி மட்டும் வரவில்லை. ஒலியளவை முழுதாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா, வீட்டுக்கு வந்து பாத்துக்கிறேன்" என்று டேப்லெட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கோப்பில் குறை ஏதும் இல்லை. கேம்கார்டர் ஒலியை டால்பியின் ஏசி-3 முறையில் பதிந்திருந்தது. டேப்லெட்டோடு வந்த பிளேயரால் அந்த முறையைப் படிக்க முடியவில்லை. அன்றிரவு ஒலியை மட்டும் மாற்றிப் பதிந்து மறுநாள் கொண்டுபோனேன். அன்றிலிருந்து, கேபிளைச் செருகுவதற்கு முன் செய்ய வேண்டியதையும் நகலெடுத்த பின் சோதிக்க வேண்டியதையும் நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. இவ்வேலையில் நகலெடுப்பதுதான் மிக எளிய பகுதி.

முதலில் கோப்பைப் பாருங்கள்

ஒரு வீடியோ கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று எது இருந்தாலும், அது வெளிப்பெட்டியின் பெயர் மட்டுமே. பெட்டிக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைக்கே கோடெக் என்று பெயர். ஒரே எம்கேவி பெட்டிக்குள் எந்த டேப்லெட்டிலும் ஓடக்கூடிய படமும் இருக்கலாம், உங்கள் டேப்லெட்டைத் திணறடிக்கும் படமும் இருக்கலாம். கணினியில் விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் கோப்பைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் கோடெக் விவரம் காட்டும் பகுதிக்குச் சென்றால், படத்திற்கும் ஒலிக்கும் தனித்தனியாக என்ன முறை என்று எழுதியிருக்கும்.

படம் எச்.264 முறையில், 8 பிட் நிற ஆழத்தில் (நிறங்களைப் பதியும் நுணுக்கத்தின் அளவு), ஒலி ஏஏசி முறையில், வெளிப்பெட்டி எம்பி4 ஆக இருந்தால் அதை எந்த டேப்லெட்டிலும் தயக்கமின்றி ஏற்றலாம். 2003-ல் வெளிவந்த எச்.264-ஐ ஓட்டுவதற்கென்றே தனிப் பகுதி ஏறக்குறைய எல்லா டேப்லெட் சிப்களிலும் இருக்கிறது. 2013-ல் வந்த எச்.265 அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தரும். அண்மை ஆண்டுகளின் டேப்லெட்டுகளில் நன்றாக ஓடும், பழையவற்றில் படம் விட்டுவிட்டு நகரும். 10 பிட்டில் பதிந்த எச்.264 கோப்புகளிடம்தான் எச்சரிக்கை தேவை. அவற்றை ஓட்டும் தனிப் பகுதி பெரும்பாலான டேப்லெட் சிப்களில் இல்லாததால், முழுச் சுமையும் பொதுச் செயலியின் தலையில் விழுந்து, சாதனம் சூடாகி, பேட்டரியும் விரைவில் இறங்கிவிடும்.

ஒலி ஏசி-3 அல்லது டிடிஎஸ் என்று இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. டேப்லெட்டில் விஎல்சி செயலியை நிறுவிக்கொள்வது முதல் வழி. அது இவ்விரண்டையும் எம்கேவி பெட்டியையும் தானே படித்துக்கொள்ளும். சாதனம் வேறொருவர் கைக்குப் போகிறது, அவர் எந்தச் செயலியில் திறப்பார் என்று தெரியாது என்றால், ஒலியை ஏஏசி-க்கு மாற்றிவிடுவதே நல்லது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து ஒலியை மட்டும் மாற்றும்படி கட்டளை கொடுக்கலாம். படத்தை மீண்டும் சுருக்க வேண்டியதில்லை என்பதால் ஒரு மணி நேர வீடியோவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், படத்தின் தரமும் துளிகூடக் குறையாது.

அளவைக் கணக்கிடுதல்

கோப்பின் அளவை நிர்ணயிப்பவை பிட்ரேட்டும், அதாவது ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவும், நேரமும்தான். ஒரு விநாடிக்கு 4 மெகாபிட் என்ற பிட்ரேட்டில் பதிந்த இரண்டு மணி நேர வீடியோவை எடுத்துக்கொள்வோம். 7,200 விநாடிகளை 4-ஆல் பெருக்கி, பிட்டைப் பைட்டாக்க 8-ஆல் வகுத்தால் 3,600 எம்பி, அதாவது 3.6 ஜிபி. பிட்ரேட்டைப் பாதியாக்கினால் 1.8 ஜிபி. 64 ஜிபி என்று விற்கப்படும் டேப்லெட்டில் இயங்குதளமும் செயலிகளும் போக 30 ஜிபி மீதமிருந்தால், முதல் வகையில் எட்டு வீடியோக்களும் இரண்டாம் வகையில் பதினாறும் அடங்கும். ஆனால் கடைசி எம்பி வரை நிரப்பிவிடாதீர்கள். மூன்று நான்கு ஜிபியாவது காலியாக இல்லாவிட்டால் சாதனமே மந்தமாகிவிடும்.

4கே வீடியோவில் 3840-க்கு 2160 என்ற கணக்கில் புள்ளிகள் இருக்கும். இது 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட 1080பி-யைப் போல நான்கு மடங்கு. பத்து அங்குல டேப்லெட்டுகள் பலவற்றின் திரையே 1920-க்கு 1200 புள்ளிகள்தான் என்னும்போது, மிச்சத்தைத் திரை காட்டப்போவதில்லை. அத்தகைய கோப்பை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் திறந்து, அதில் ஏற்கெனவே அமைத்துத் தந்திருக்கும் 1080பி அல்லது 720பி தேர்வு ஒன்றை எடுத்துக்கொண்டு மாற்றலாம். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 20-க்கும் 23-க்கும் இடையில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். பாடம், சொற்பொழிவு போன்றவற்றிற்கு 720பி போதும் என்பது என் அனுபவம். கரும்பலகையில் சிறிய எழுத்துகள் வரும் பாடமாக இருந்தால் மட்டும் 1080பி-யைவிடக் கீழே இறங்க வேண்டாம்.

பெயர்களையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். தொடர் பாடங்களுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டால் சில செயலிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 01, 02 என்று இட்டால் வரிசை குலையாது. கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்ற குறிகளை மெமரி கார்டுகளின் கோப்பு முறைகள் ஏற்பதில்லை என்பதால் பெயரில் அவற்றைத் தவிருங்கள்.

சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் வீடியோவின் பெயரையே எழுத்துக்கு எழுத்து அதற்கும் வைத்து, இரண்டையும் ஒரே கோப்புறையில் போட வேண்டும். தமிழ்ச் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ பொருளற்ற குறிகளாகவோ தெரிந்தால் அந்தக் கோப்பு எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். கணினியின் நோட்பேடில் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றன என்றால் அங்கேயே யுடிஎஃப்-8 தேர்வு செய்து மீண்டும் சேமித்தால் போதும்.

மாற்றும் வழிகள்

ஆண்ட்ராய்டு டேப்லெட்டைக் கணினியுடன் கேபிளில் இணைத்தவுடன் அது சார்ஜ் மட்டுமே ஏறும் நிலையில் இருக்கும். திரைப் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் விண்டோஸ் கணினியில் டேப்லெட்டின் பெயர் தோன்றும். அந்த அறிவிப்பே வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமான சில கேபிள்களில் தரவு செல்லும் கம்பிகளே இருக்காது. டேப்லெட்டின் உள்ளே மூவிஸ் என்ற கோப்புறை இருக்கும். அதில் போட்டால் எல்லாப் பிளேயர்களும் எளிதில் கண்டுபிடிக்கும். இருபது கோப்புகளை ஒரே இழுப்பில் போடுவதைவிட நான்கைந்தாகப் போடுவதே பாதுகாப்பானது. நடுவில் கேபிள் அசைந்து இணைப்பு அறுந்தால் எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று தேட வேண்டியிராது.

ஐபேடில் மேக் கணினியின் ஃபைண்டர் வழியாகவோ, விண்டோஸில் ஐடியூன்ஸ் வழியாகவோ இணைத்து, ஃபைல்ஸ் பகுதியில் தெரியும் விஎல்சி-யின் மேல் கோப்புகளை இழுத்துப் போடலாம். 2019-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் பென் டிரைவையும் நேரடியாகச் செருகி ஃபைல்ஸ் செயலியில் நகலெடுக்க முடிகிறது; கணினியே கையில் இல்லாதபோது இதைவிட நேரான வழி இல்லை. ஆண்ட்ராய்டிலும், பென் டிரைவை டேப்லெட்டில் செருக உதவும் ஓடிஜி அடாப்டர் இருந்தால் இதையே செய்யலாம்.

வைஃபை வழியாகவும் அனுப்பலாம். ஐபேட் விஎல்சி-யில் வைஃபை பகிர்வை இயக்கினால் ஒரு முகவரி காட்டும். அதே வைஃபையில் உள்ள கணினியின் பிரவுசரில் அதைத் தட்டச்சிட்டு, திறக்கும் பக்கத்தில் கோப்புகளை இழுத்துப் போட வேண்டும். முடியும் வரை டேப்லெட்டின் திரை அணையக் கூடாது. விநாடிக்கு 30 எம்பி செல்லும் கேபிளில் 3.6 ஜிபி கோப்பு இரண்டு நிமிடத்தில் போகும். 5 எம்பி மட்டுமே கிடைக்கும் வைஃபையில் அதற்கே பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஓரிரு கோப்புகள் என்றால் வைஃபை, அதற்கு மேல் என்றால் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டில் ஏற்றுவோரைப் பெரும்பாலும் குழப்பும் செய்தி ஒன்று உண்டு: கார்டில் 20 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 5 ஜிபி கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுத்துவிடும். கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை ஃபேட்32 ஆக இருப்பதே காரணம். அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் இம்முறையிலேயே வருகின்றன, அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. கார்டில் உள்ளவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யலாம், அல்லது கோப்பைச் சுருக்கலாம். ஃபார்மேட் செய்யும்போது கார்டைச் சாதனத்தின் உள் சேமிப்பகமாக ஆக்கவா என்று ஆண்ட்ராய்டு கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள்; ஆக்கிவிட்டால் கார்டு அந்த ஒரு சாதனத்துக்கென்றே மறையாக்கம் செய்யப்பட்டு, வேறெதிலும் செருகிப் படிக்க முடியாமல் போகும்.

கட்டணச் செயலிகளில் டவுன்லோடு செய்தவற்றை இவ்வழிகளில் மாற்ற முடியாது. அவை பூட்டப்பட்ட நிலையில் அந்தச் செயலிக்குள்ளேயே இருப்பவை. கோப்பை நகலெடுத்தாலும் வேறிடத்தில் திறக்காது. பார்க்கப்போகும் டேப்லெட்டிலேயே அந்தச் செயலியை நிறுவி அங்கேயே டவுன்லோடு செய்ய வேண்டும். அவற்றிற்குக் காலக்கெடுவும் இருப்பதால் புறப்படுவதற்கு முந்தைய நாள் இணையத்தில் ஒருமுறை திறந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நெட்டை அணைத்துச் சோதியுங்கள்

நகலெடுத்து முடிந்ததும் கணினியிலும் டேப்லெட்டிலும் கோப்பின் அளவைப் பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே உள்ளது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில் எழுதப்பட்டிருக்கும். கடைசிப் பகுதி வந்து சேராவிட்டால் முழுக் கோப்புமே திறக்காது. பாதி வந்த எம்கேவி கோப்போ எந்தக் குறையும் காட்டாமல் ஓடி, அறுந்த இடத்தில் நின்றுவிடும். முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்து நிறைவடைந்தவர் இதை அறிய வழியே இல்லை.

ஆகவே ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கோப்பையும் திறந்து, தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், கடைசி நிமிடம் என்று மூன்று இடங்களில் தொட்டுப் பாருங்கள். ஒலி வருகிறதா, உதட்டசைவோடு ஒத்துப்போகிறதா, சப்டைட்டில் படிக்கும்படி இருக்கிறதா என்பதை அங்கேயே கவனித்துவிடலாம். கிளவுட் சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளும் இச்சோதனையில்தான் அகப்படும். பட்டியலில் பெயரும் சிறுபடமும் தெரிந்தாலும், ஆஃப்லைனில் வைக்கும்படி சொல்லியிராவிட்டால் வீடியோ சாதனத்தில் இருக்காது. டேப்லெட்டை வயதான ஒருவரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அவர் எதைத் தொட்டுத் திறப்பாரோ அதையே தொட்டு, அவர் போடப்போகும் இயர்போனையே போட்டுச் சோதியுங்கள்.

பார்த்து முடித்தவற்றை நீக்கும்போது, பல செயலிகள் அவற்றைக் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் வைத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த கோப்புகளுக்கு உடனே இடம் வேண்டுமானால் அந்தத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, அமைப்புகளின் சேமிப்பகப் பகுதியில் மீதம் எவ்வளவு என்று பார்த்த பிறகு ஏற்றத் தொடங்குங்கள்.