பாட்டிக்குக் குழந்தைகள் செய்யும் கிறிஸ்துமஸ் பரிசுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டிக்கென்று குழந்தைகள் தங்கள் கையாலேயே செய்யும் கிறிஸ்துமஸ் பரிசுகள் பாதியில் நின்றுபோவதற்கும், கொடுத்த சில நாள்களிலேயே பெயர்ந்தும் உடைந்தும் போவதற்கும் குழந்தைகளின் கைத்திறன் பெரும்பாலும் காரணமாவதில்லை. எங்கோ கண்ட அழகான படம் ஒன்றை வீட்டிலுள்ள பெரியவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு, அதை அப்படியே செய்யத் தொடங்குவதுதான் காரணமாகிறது. அந்தப் பொருள் காய எத்தனை நாள் ஆகும், ஆறு வயதுக் கைக்கு அந்த வேலை வசப்படுமா, எழுபது வயதுக் கையால் அதைத் திறக்கவோ மாட்டவோ இயலுமா என்பதையெல்லாம் படம் சொல்வதில்லை.

முதலில் நாள் கணக்கு. கிறிஸ்துமஸ் வாரத்தில் தொடங்கப்படும் வேலை ஏறக்குறைய எப்போதும் அம்மாவின் கையிலோ அப்பாவின் கையிலோதான் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையுள்ள ஏதேனும் ஒரு நாளில் வரும். அன்று தொடங்கினால் மூன்று வாரத்துக்குக் குறையாமல் கையில் இருக்கும். தாள் வேலைக்கும் வண்ண வேலைக்கும் அது தாராளம். உலர்பூ ஒட்டிய வாழ்த்து அட்டைக்கோ அதுவும் போதாமல் போகலாம். ஏனெனில் கனமான புத்தகங்களுக்கு நடுவே பூவை அழுத்தி உலர்த்த இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பாதி உலர்ந்த பூவை அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால், உள்ளே சிக்கிய ஈரம் இதழ்களைப் பழுப்பாக்குவதோடு பூஞ்சணத்தையும் வரவழைக்கும். தடித்த பூக்களை முழுதாக அழுத்துவதும் இதே முடிவைத்தான் தரும். அவற்றை இதழ் இதழாகப் பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் வெற்றுத் தாளுக்கிடையே வைத்து, முதல் சில நாள்களில் அந்தத் தாளை மாற்றிக்கொண்டிருப்பது நல்லது.

மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரங்களையும் கையச்சையும் உப்பு மாவில் செய்வது மிகவும் எளிது என்று சொல்லப்படுகிறது. பிசைவது எளிதுதான், கெடுவது அதைவிட எளிது. 2 கப் மைதாவுக்கு 1 கப் தூள் உப்பும் 1 கப்புக்குச் சற்றுக் குறைவான தண்ணீரும் வழக்கமான அளவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் மாவு கையில் ஒட்டும், வெட்டிய நட்சத்திரத்தின் முனைகள் தொங்கும்; ஆகவே சிறிது சிறிதாகச் சேர்த்து, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்து விற்கப்படும் மாவை இதற்குப் பயன்படுத்தினால் உருவம் ஓவனில் உப்பி வடிவம் இழந்துவிடும். அடுத்தது கனம். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பாகத் தேய்த்தால் வெளிப்பக்கம் இறுகிய பின்னும் உள்ளே ஈரம் தங்கும். கையச்சுக்கு மட்டும் இன்னும் சற்றுத் தடிப்பு வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் விரல் அடிவரை இறங்கித் துளையாகிவிடும். அப்போது காயும் நேரமும் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

ஓவனின் சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்க நினைப்பதும் தவறு. மேல்தோல் முதலில் கெட்டியாகிவிட, உள்ளே ஆவியாகும் நீர் வெளியேற வழியின்றிக் கொப்புளமாக எழும்பும், அல்லது குறுக்கே விரிசல் விடும். 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுவதே முறை. நாடா கோக்கும் துளையை மாவு ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் அழுத்திப் போட்டுவிட வேண்டும். காய்ந்தபின் துளையிட முயன்றால் நட்சத்திரம் இரண்டாகும். பின்பக்கம் குழந்தையின் பெயரையும் வயதையும் ஆண்டையும் பல்குத்தும் குச்சியால் கீறிவைப்பதற்கும் அதுவே நேரம். இதைச் செய்யாத வீடுகளில், சில ஆண்டுகள் கழித்து அந்தக் கை அண்ணனுடையதா தங்கையுடையதா என்ற வழக்கைப் பாட்டிதான் தீர்த்துவைக்க வேண்டியிருக்கும்.

உருவம் நன்றாகக் காய்ந்து ஆறிய பிறகே வண்ணம் தீட்ட வேண்டும். முன்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் பூசிவிட்டு நிறுத்திவிடுவது பலரும் செய்யும் பிழை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் பின்பக்கம், ஓரம், துளையின் உட்புறம் என எங்கும் பூச்சு படாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே உருவம் நமுத்துவிடும். பாட்டி வீட்டில் நாய் இருந்தால் இந்தப் பரிசையே மறுபரிசீலனை செய்யலாம், அல்லது எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லலாம். இந்த மாவிலுள்ள உப்பு நாயின் உயிருக்கே ஆபத்தானது. பிசைந்த மாவை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போவதும் அதனால் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, என் பார்வையில், குழந்தை தூங்கிய பிறகு அதன் வேலையைத் திருத்துவது. கோணலாக ஒட்டிய கண்ணைப் பெயர்த்து நேராக ஒட்டுவதும், எல்லைக்கோட்டைத் தாண்டிய வண்ணத்தின்மேல் வெள்ளை பூசுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவைதான். ஆனால் மறுநாள் காலையில் குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடும். பாட்டியிடம் கொடுக்கும்போது "இதை அம்மாதான் செய்தாங்க" என்று சொல்லியும்விடும். பெரியவர் செய்ய வேண்டிய வேலைகள் தனியாக உள்ளன: ஓவனைக் கையாளுதல், கூர்மையான கத்தியால் வெட்டுதல், வார்னிஷ் பூசுதல், சூடான பசையைப் பயன்படுத்துதல். எஞ்சியவை குழந்தையுடையவை. அது முடியாத அளவுக்கு வேலை கடினமென்றால், தேர்வுதான் பிழை. பின்னலை இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு முழு நீளக் கழுத்துத்துண்டை இலக்காக வைப்பதைவிட, அதே கம்பளி நூலை விரலிலேயே கோத்துப் பின்னும் கயிற்றைப் புத்தக அடையாளமாக்குவது பலன் தரும்.

வாழ்த்து அட்டையிலும் இதே குறுக்கீடு நடக்கிறது. "எங்கள் அன்பிற்கினிய பாட்டிக்கு இனிய கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்" என்று பெரியவர் சொல்லச் சொல்லக் குழந்தை எழுதும் வரி யார் எழுதினாலும் ஒன்றுதான். "நீ சொன்ன நரிக் கதையில் மீதி என்ன?" என்று குழந்தை தானாக எழுதும் ஒரு வரி, எழுத்துப்பிழையோடு இருந்தாலும், பாட்டி பதில் சொல்லக்கூடிய வரி. எழுதும் வண்ணத்தையும் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லையில் (லென்ஸில்) மஞ்சள் படர்வதால் வெளிர்நீலம் போன்ற நிறங்கள் மங்கித் தெரியும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து யாருக்குமே எளிதில் தெரியாது. கருப்பு அல்லது அடர்நிறப் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னால் போதும்.

கைகளையும் அதுபோலவே நினைக்க வேண்டும். மூட்டுவலி உள்ள விரல்களால் பாசிமணி வளையத்தின் சின்னஞ்சிறு கொக்கியை மாட்ட இயலாது. எலாஸ்டிக் நூலில் கோத்தால் அப்படியே கையில் போட்டுக்கொள்ளலாம். ஜிகினாத் தூளை அள்ளித் தெளித்த பரிசுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அதைப் பல நாள் பெருக்கிக் கூட்டப் போகிறவர் பாட்டி.

உண்ணும் பரிசிலும் உடலில் படும் பரிசிலும் அழகுக்கு முன் பாதுகாப்பு வர வேண்டும். பாட்டிக்குச் சர்க்கரை நோயோ ஒவ்வாமையோ உண்டா என்று கேளாமல் இனிப்பு செய்யக் கூடாது. பச்சைப் பூண்டையும் மூலிகைகளையும் எண்ணெயில் ஊறவைத்து அழகான புட்டியில் தருவது படங்களில் அடிக்கடி வரும் பரிசு. காற்றுப் புகாத அந்த எண்ணெயில், அறை வெப்பத்தில், போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும், வாசனையோ சுவையோ அதைக் காட்டிக்கொடுக்காமலும் போகலாம். ஆகவே அதை விட்டுவிடுவதே சரி. கோப்பையில் ஓவியம் தீட்டினால் உதடு படும் விளிம்பிலும் உட்புறத்திலும் வண்ணம் கூடாது. குளியல் எண்ணெய் தரையை வழுக்கச் செய்யும் என்பதால் வயதானவருக்கு ஏற்றதன்று. மெழுகுவத்தி செய்ய விரும்பினால் மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் பெரியவர் உருக்க வேண்டும். அழகுக்காக உள்ளே உலர்பூ பதித்தால் சுடர் அதைப் பற்றிக்கொள்ளும்.

நிழற்படச் சட்டம் செய்யும்போது ஒரே பிரதியாக உள்ள பழைய படத்தைப் பசையால் ஒட்டிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. நகல் எடுத்து ஒட்ட வேண்டும். வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால் அதிகம் தடவினால் தாள் சுருங்கி அலையலையாக எழும்பும்.

தபாலில் அனுப்புவதாக இருந்தால் நாள் கணக்கில் இன்னொரு வாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். உப்பு மாவு உருவங்களை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியே சுற்றி வைத்து, பெட்டியை மூடியபின் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதேனும் அசைந்தால் இன்னும் தாள் திணிக்க இடமிருக்கிறது.