பொருளாதார வளர்ச்சியும் மக்கள் நல்வாழ்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, பற்றிய விவரம் வெளியாகிறது. அன்று மாலை தொலைக்காட்சியில் இரண்டு தரப்பு தயாராக உட்கார்ந்திருக்கும். நாடு முன்னேறிவிட்டது என்பார் ஒருவர். இந்த எண்ணால் ஏழைக்கு என்ன கிடைத்தது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். வளர்ச்சியில் வந்த பணம் என்னவாக மாறியது? அரிசியாகவா, மருந்தாகவா, பள்ளிக்கூடமாகவா, யாரோ சிலருடைய நிலப் பத்திரமாகவா? இதைக் கேட்காமல் விடுவதால்தான் வளர்ச்சியையும் நல்வாழ்வையும் பற்றிய பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

எளிதில் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்த ஜிடிபியை வைத்து நாடுகளுக்கு ரேங்க் போடுவது அவற்றில் ஒன்று. இந்தியாவின் ஜிடிபியும் ஜப்பானின் ஜிடிபியும் இன்று ஏறத்தாழ 4 லட்சம் கோடி டாலர் அளவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் இங்கே அதைப் பங்கிட 140 கோடிக்கும் மேற்பட்டவர்கள், அங்கே 12 கோடிப் பேர் சொச்சம். தலைக்கு வகுத்தால் சராசரி ஜப்பானியரின் பங்கு நம்முடையதைப் போல பத்து மடங்குக்கும் மேல்.

சரி, தலைக்கு வகுத்துவிட்டால் போதுமா? அதுவும் ஏமாற்றும். அயர்லாந்து 2015இல் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவித்தது. அந்த ஆண்டு டப்ளின் பஸ் ஓட்டுநருக்கோ ஆசிரியைக்கோ சம்பளம் 26 சதவீதம் ஏறவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் சில, வரியை மனதில் வைத்துத் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதால் எழுதப்பட்ட வளர்ச்சி அது. இது சரிவராது என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே, இப்படிப்பட்ட கணக்குகளைக் கழித்த தனி அளவு ஒன்றை உருவாக்கி வெளியிட ஆரம்பித்தது. அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிடும் வேலையை முன்னின்று செய்த சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அந்நாட்டு காங்கிரஸுக்குத் தந்த அறிக்கையிலேயே, இதை வைத்து ஒரு நாட்டின் நலத்தை முடிவு செய்ய முடியாது என்று எச்சரித்திருந்தார். தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

கணக்கில் வராதது

ஜிடிபி என்பது வாங்கி விற்கும் பொருளுக்கும் உழைப்புக்குமான கணக்கு. விலை இல்லாதது அதன் கண்ணில் படாது. 2019இல் இந்தியா முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகத் தெரிந்தது. வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த ஐந்து மணி நேரச் சமையலுக்கும் துணி துவைத்தலுக்கும் ஜிடிபியில் இடம் கிடையாது.

இழப்பும் அதில் ஏறாது. திருப்பூரை எடுத்துக்கொள்வோம். பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சாயத் தண்ணீர் தேங்கும் இடமாகிப்போனது. ஆற்றோரக் கிணறுகள் உப்பாயின. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. பனியன் விற்ற பணம் வளர்ச்சிக் கணக்கில் வரவு. பாழான கிணறு எங்கும் பற்று வைக்கப்படவில்லை. சுத்திகரிப்பு நிலையம் கட்டிய செலவோ மறுபடியும் வரவுப் பக்கத்திலேயே சேர்ந்தது. திருப்பூர் கொடுத்த வேலையை நான் சிறுமைப்படுத்தவில்லை. மழையை நம்பி வாழ முடியாமல் கிளம்பி வந்த எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கூலியில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. ஆனால் அந்த விவசாயி இழந்ததும் உண்மையான இழப்பு. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு அதை வளர்ச்சி என்று சொல்லக் கூடாது.

"முதலில் வளரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்"

எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். இதற்கு விலை கொடுப்பவர்கள் குழந்தைகள். இரண்டு வயதுக்குள் சரியான சத்து கிடைக்காமல் வளர்ச்சி குன்றிய குழந்தையிடம், பத்து வருடம் பொறு, பொருளாதாரம் இரட்டிப்பாகும் என்று சொல்ல முடியாது. அதற்குள் அந்தக் குழந்தையின் உயரத்துக்கும் மூளை வளர்ச்சிக்கும் உரிய காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

பணக்கார நாடுகளில் ஆயுள் நீளமாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆமாம், இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் சுதிர் ஆனந்தும் மார்ட்டின் ரவாலியனும் 1993இல் வெளியான ஆய்வில் தேடிப் பார்த்தார்கள். ஏழை நாடுகளின் விவரங்களை எடுத்து, ஏழைகளின் வருமானத்தையும் பொது மருத்துவத்துக்கு அரசு செய்யும் செலவையும் தனியே பிரித்துப் பார்த்தபோது, சராசரி வருமானத்துக்கும் ஆயுளுக்கும் இடையே வேறு தொடர்பு எதுவும் மிஞ்சவில்லை. வளர்ச்சி ஆயுளைக் கூட்டுகிறது, உண்மைதான். இந்த இரண்டு வழிகளில் போனால் கூட்டுகிறது. வேறு எங்காவது போனால் இல்லை.

இங்கிலாந்தின் கதை இன்னும் அழுத்தமானது. பொருளாதார அறிஞர்கள் அமர்த்தியா சென்னும் ஜான் த்ரேஸும் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் அறுபது ஆண்டுகளில் அங்கே சராசரி ஆயுள் மிக வேகமாகக் கூடியது, இரண்டு உலகப் போர்களும் நடந்த பத்தாண்டுகளில். அந்த இரண்டிலும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கூடியது. மற்றப் பத்தாண்டுகளில் ஒன்று முதல் நான்கு ஆண்டு வரைதான். போர்க்காலத்தில் வளர்ச்சி சுறுசுறுப்பாக இருக்கவில்லை. இருந்த உணவு ரேஷனில் ஓரளவு சமமாகப் பங்கிடப்பட்டது. மருத்துவத்தை அரசு கையில் எடுத்தது. அதுவரை வயிறார உண்ணாதவர்கள் உண்டார்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், காமராஜர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது மாநிலத்திடம் உபரிப் பணம் குவிந்திருக்கவில்லை. ஊர்க்காரர்களின் நன்கொடையும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிய அளவில் சத்துணவுத் திட்டமாக்கியபோது, இவ்வளவு செலவை மாநிலம் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. 2022இல் காலைச் சிற்றுண்டி வந்தபோதும் அதே கேள்வி. பலன் என்ன என்பதை இன்று அளந்து பார்க்கலாம். தமிழ்நாடும் குஜராத்தும் தனிநபர் வருமானத்தில் கிட்டத்தட்ட ஒரே படியில் நிற்கும் மாநிலங்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் குஜராத்தில் 39 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். 2020இல் ஆயிரம் பிறப்புக்கு, ஒரு வயது முடிவதற்குள் இறந்த குழந்தைகள் அங்கே 23, இங்கே 13. இந்த இடைவெளியைச் சத்துணவு மட்டும் உண்டாக்கவில்லை. எல்லாருக்குமான ரேஷன், ஆரம்ப சுகாதார நிலையம், கிராம செவிலியர், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் மருத்துவப் பணிகள் கழகம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வருமானம் ஒன்றுதான், அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

எதிர்ப்பக்கத் தவறு

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வளர்ச்சியே வேண்டாம், நலத்திட்டம் போதும் என்று முடிவு கட்டுவது அதே அளவுக்கு ஆபத்து. இலங்கையைப் பாருங்கள். 1945இல் இலவசக் கல்வி கொண்டுவந்த நாடு. இலவச மருத்துவத்தால் இந்தியாவைவிடப் பல ஆண்டுகள் நீண்ட ஆயுளைப் பெற்ற நாடு. அந்த நாட்டின் கருவூலத்தில் டாலர் தீர்ந்ததும் என்ன ஆனது? 2022இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் அந்த செப்டம்பரில் 90 சதவீதத்தைத் தாண்டியது. மருத்துவமனைகளில் மருந்து இல்லை. உலக வங்கிக் கணக்கின்படி ஒரே ஆண்டில் வறுமை 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமானது. மருத்துவர் இருந்தார், கட்டிலும் இருந்தது. மருந்தை இறக்குமதி செய்யத்தான் காசு இல்லை. கேரளமும் குறைந்த வருமானத்திலேயே கல்வியையும் ஆயுளையும் உயர்த்திக் காட்டியது. ஆனால் படித்த பிள்ளைகளுக்கு ஊரில் வேலை இல்லாததால் வளைகுடாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நலத்திட்டத்தைத் தொடர்ந்து நடத்த வரி வேண்டும், வரிக்கு வருமானம் வேண்டும். இதைச் சொன்னால் உடனே முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பசித்த குழந்தையின் தட்டு அடுத்த ஆண்டும் நிறைய வேண்டும் என்ற அக்கறையில்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம், "எண்களை விடுங்கள், மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று நேரே கேட்டுவிடலாமே" என்ற யோசனை. கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பக் கூடாது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தா அருகே கணவனையோ மனைவியையோ இழந்தவர்களிடம் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வில் கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடல்நலம் சரியில்லை, அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். அந்தப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்ததாக யாரும் நம்ப முடியாது. தனக்கென்று ஒரு வலி இருப்பதாகச் சொல்லவே பழக்கப்படாதவர்கள் அவர்கள்.

அதனால் அடுத்த முறை வளர்ச்சி அறிவிப்பு வரும்போது கூடவே வேறு சில எண்களையும் தேடிப் பாருங்கள். விலைவாசியைக் கழித்த பிறகு கூலி எவ்வளவு ஏறியது, வீட்டில் மருத்துவத்துக்குக் கைக்காசு எவ்வளவு போகிறது, குழந்தைகளின் எடையும் உயரமும் எப்படி இருக்கின்றன, பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று. மேலே பெருமையாகச் சொன்ன தமிழ்நாட்டிலேயே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித் தகவல் தாள் உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் மாவட்டத் தாளை எடுத்து, முந்தைய சுற்றின் எண்ணும் இந்தச் சுற்றின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வரிசைகளை வாசியுங்கள். எது மாறியிருக்கிறது, எது அப்படியே நிற்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க அது போதும்.