சின்னப் பாய்மரப் படகை இழுத்துக்கொண்டு மூன்று ஏரிகள்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

படகில் பாய் விரித்து ஓட்டக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடை போதுமானதாக இருந்தது. அதே படகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப்போய், பத்துப் பேர் பார்க்கும்போது பின்பக்கமாகத் தண்ணீரில் இறக்கப் பழகத்தான் இரண்டு வருஷம் ஆனது. அதனால் இங்கே காற்றைப் பற்றி அதிகம் இருக்காது, எல்லாம் கரையில் செய்கிற வேலைதான்.

நாங்கள் போன வழி: வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேனில் கிளம்பி, ஐடஹோவில் கோர் டலேன், பாண்டரே என்று இரண்டு ஏரி, பிறகு மொன்டானாவில் ஃபிளாட்ஹெட். படகு 14 அடி, டிரெய்லரோடு சேர்த்து சுமார் 270 கிலோ. சாதாரண எஸ்யூவி தாராளமாக இழுக்கும், ஆனாலும் வண்டியின் மேனுவலில் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று பார்த்துவிடுங்கள்.

படி 1: பூட்டுவது

ஹிட்ச்சில் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இடம்) இருக்கும் உருண்டையின் அளவும், அதன் மேல் உட்காரும் டிரெய்லரின் முனையான கப்ளரில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பூட்டியதும் கப்ளரை மேலே தூக்கிப் பாருங்கள், கழன்று வரக்கூடாது. டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் முன்பக்கம் ரோட்டில் குத்தாமல் அவை தாங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும், எங்களுக்கு அது 27 முதல் 40 கிலோ (வீட்டில் எடை பார்க்கும் மெஷினை டிரெய்லரின் முன்காலுக்கு அடியில் வைத்து அளந்தேன், மனைவி சிரித்தாள்). இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். ஆட்டினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள், போதும்.

அரை மணி நேரம் ஓட்டியதும் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, மேலே ஓட்ட வேண்டாம்.

படி 2: ரிவர்ஸ்

இதை ஏரியில் பழகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் ஏதாவது பார்க்கிங்கில் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமா, கையை இடது பக்கம் நகர்த்துங்கள். அவ்வளவுதான் சூத்திரம். சின்ன டிரெய்லர் பெரியதைவிடச் சீக்கிரம் மடங்கும், அதனால் கொஞ்சமாகத் திருப்பி, உடனே நேராக்க வேண்டும். கோணலாகிவிட்டால் அங்கேயே மல்லுக்கட்டாமல் முன்னால் போய் மறுபடி வாருங்கள். நான் கோர் டலேனில் ஐந்து தடவை முன்னால் போனேன், யாரும் செத்துப்போகவில்லை.

படி 3: இறக்குவது

பாய்மரத்தை நிமிர்த்துவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி இருக்கிறதா? அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டால் ஆளைக் கொன்றுவிடும். நிமிர்த்துகிற இடத்தில் மட்டுமல்ல, அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் வண்டி போகிற பாதை முழுக்கப் பாருங்கள். இந்த வேலையெல்லாம் படகை இறக்கும் கான்கிரீட் சரிவுக்கு வெளியே. சரிவில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், நியாயம்தான்.

அப்புறம் தக்கை. படகின் பின்பக்கம், கீழே, தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்கும். அதை அடைக்காமல் இறக்கினேன். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை, பிறகு படகு திரும்ப மாட்டேன் என்றது, காலுக்கடியில் குளுகுளு என்று ஒரு சத்தம். இப்போதெல்லாம் கழற்றிய தக்கையைக் கார்ச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.

படகின் முனையை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டையைச் சரிவின் மேலேயே கழற்றிவிடாதீர்கள், படகு வழுக்கிக் கான்கிரீட்டில் விழும். பின்பக்கம் மிதக்க ஆரம்பித்த பிறகுதான். ஹேண்ட் பிரேக், முன்கயிறு ஒருவர் கையில், இரண்டும் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெயில் சுட்டெரித்தாலும் ஜூனில் தண்ணீர் மூச்சை நிறுத்துகிற குளிர்.

படி 4: அடுத்த ஏரிக்கு

வெளியே எடுத்ததும் தக்கையைக் கழற்றி, தண்ணீரை வடித்து, பாசி ஒட்டியிருந்தால் துடைத்து, காயவிடுங்கள். சுத்தத்துக்காக மட்டும் இல்லை. குவாகா என்ற சின்னச் சிப்பி இப்படித்தான் படகில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பரவுகிறது. 2007இல் நெவாடா-அரிசோனா எல்லையில் இருக்கும் மீட் ஏரியில் கண்டார்கள், 2023இல் ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றிலும். அதனால் ஐடஹோவில் இதற்கென்று ஒரு ஸ்டிக்கர் வாங்க வேண்டும், மோட்டார் இல்லாத படகுக்கும்தான். மொன்டானாவுக்குள் வெளிமாநிலப் படகைக் கொண்டுபோனால் பரிசோதனை முடியாமல் தண்ணீரில் இறக்கக்கூடாது. உலர்ந்த படகு என்றால் சீக்கிரம் அனுப்பிவிடுகிறார்கள்.

பாண்டரேயில் ஃபாரகட் பூங்காவில் இறக்கினோம். ஏரி 350 மீட்டர் ஆழம், கடலே இல்லாத மாநிலத்தில் கடற்படை நீர்மூழ்கி மாதிரிகளை இங்கேதான் சோதிக்கிறது. நங்கூரம் அங்கே அலங்காரம்தான். அங்கிருந்து 200ஆம் நெடுஞ்சாலை, கிளார்க் ஃபோர்க் ஆற்றின் ஓரமாகவே எதிர்த்திசையில் ஏறுகிறது. ஃபிளாட்ஹெட்டில் இருந்து வழிகிற தண்ணீரும் கடைசியில் இந்த ஆற்றில் சேர்ந்துதான் பாண்டரேவுக்கு வருகிறது. மொன்டானாவில் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், சோதனைச் சாவடி மூடுகிற நேரத்தை அதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஃபிளாட்ஹெட் கரையில் பிக் ஆர்ம் என்ற இடத்தில் காலையிலேயே இறக்கிவிடுங்கள். எதிரே காட்டுக் குதிரைகள் திரிகிற வைல்ட் ஹார்ஸ் தீவு. மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் 14 அடிப் படகுக்குத் திரும்பி வருவது கஷ்டம். நாங்கள் பதினொன்றுக்கே கரை சேர்ந்து, டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.