யூத இனப்படுகொலை ஆவணங்கள்: புதிதாக ஆராய வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப் பிழை, பக்க எண் பிழைகளை விட்டுவிடுகிறேன். நாங்கள் தொடக்கத்தில் இடறிய இடங்களிலேயே இன்றைய மாணவர்களும் இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இறந்த தேதியை அப்படியே நம்புவது

ஒரு மாணவியின் ஆய்வேட்டைத் திருத்தக் கொடுத்தார்கள். நெதர்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட யூத ஆண்கள் பலர் 1944 மார்ச் 31 அன்று ‘மத்திய ஐரோப்பா’வில் இறந்ததாகப் பதிவு. அன்று பெரிய படுகொலை நடந்ததென்று அவர் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அத்தியாயம் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

1942 ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமிலிருந்து, ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போன ரயில்கள் பல, வழியில் கோசெல் என்ற ஊரில் நின்றன. உழைக்கத் தெம்புள்ள ஆண்களை அங்கே இறக்கி, கட்டாய உழைப்பு முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். மனைவி மக்கள் அதே ரயிலில் ஆஷ்விட்ஸ் போய், பெரும்பாலும் போய் இறங்கிய கையோடு நச்சுவாயு செலுத்திக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்களில் பலர் எங்கே, என்று இறந்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. போர் முடிந்தபின் வாரிசுரிமைக்கும் மறுமணத்துக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதனால் டச்சு அரசு ஏதோ ஒரு மாதத்தின் கடைசி நாளை இறந்த தேதியாகக் கணித்துப் போட்டது. பிரான்சில் பலருக்கு ரயில் புறப்பட்ட ஐந்தாம் நாள். ஜெர்மன் நீதிமன்றங்களில் பலருக்கு 1945 மே 8.

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நடக்காத ஒரு படுகொலையை நாம் எழுதிவைத்தால், நடந்ததையே மறுப்பவர்கள் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள். மாதக் கடைசித் தேதி கண்ணில் பட்டால் ரயில் பட்டியலைத் தேடுங்கள். புறப்பட்ட நாள் அதில் இருக்கும், அதைப் புறப்பட்ட நாள் என்றே எழுதுங்கள்.

கைதி எண் இல்லை, ஆகவே தப்பித்தார் என்று முடிவுகட்டுவது

ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். பதிவுசெய்யப்பட்டு எண் பெற்ற கைதிகளோ சுமார் 4 லட்சம்தான். நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளும் முதியவர்களும் முகாமின் கைதிப் பதிவேட்டில் ஏறவில்லை.

சாரா, இஸ்ரயேல்

1939 ஜனவரி முதல் ஜெர்மனியில் யூதர்கள்மேல் சட்டம் போட்டுத் திணித்த கூடுதல் பெயர்கள். குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

ஊர்ப் பெயர்

லெம்பெர்க் (ஜெர்மன்), லுவூஃப் (போலிஷ்), லிவிவ் (உக்ரைனியம்) மூன்றும் ஒரே ஊர்.

சாட்சியப் படிவங்களை எண்ணுவது

ஜெருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமில், கொல்லப்பட்ட ஒருவருக்கே தங்கை ஒரு படிவமும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படிவமும் நிரப்பியிருப்பார்கள். வயதும் பெயரின் எழுத்தும் வேறுபடும். நிரப்பியவர் யார், என்ன உறவு என்று பார்க்காமல் இரண்டு பேராகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.