பதின்பருவ நாவல்களைப் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்பருவ நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். காசு கொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் பெரியவர்கள்தான். படிக்கப்போவது மட்டும் பதினான்கு வயதுப் பிள்ளை. அதனால் மதிப்புரை தன்னையறியாமலேயே பெற்றோரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறது: "நல்ல கருத்துள்ள கதை", "ஆங்கிலம் வளரும்", "தைரியமாக வாங்கித் தரலாம்". இந்த மூன்று வரிகளையும் எந்தப் புத்தகத்துக்கும் எழுதிவிடலாம். யாருக்குப் பிடிக்கும், எதனால் பிடிக்கும், யார் பாதியில் மூடி வைப்பார்கள் என்ற தகவல் அதில் இருக்காது. கீழே சொல்லும் தவறுகள் பலவற்றுக்கும் மூலம் இதுதான்.

வயதை அட்டையை வைத்து முடிவு செய்வது

அமெரிக்கப் பதிப்பகங்கள் சுமார் 8 முதல் 12 வயது வரையிலான வாசகர்களுக்கு எழுதப்படுவதை 'மிடில் கிரேடு' என்றும், 12 முதல் 18 வரைக்கானதை 'யங் அடல்ட்' என்றும் பிரிக்கின்றன. நியூபெரி பதக்கம் 1922 முதல் சிறுவர் நூல்களுக்குத் தரப்படுகிறது. பிரின்ட்ஸ் விருது 2000 முதல் பதின்பருவ நூல்களுக்கு. அட்டையில் விருது முத்திரை இருக்கிறதே என்று பத்து வயதுப் பிள்ளையின் கையில் பிரின்ட்ஸ் நூலைக் கொடுத்தால், அதற்குப் புரியாத அல்லது அதைக் கலங்கடிக்கிற பக்கங்கள் வரும்.

கதாநாயகியின் வயதும் போதுமான அடையாளம் இல்லை. கதை சொல்லும் குரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நாற்பது வயதில் இருந்துகொண்டு பதினாறைத் திரும்பிப் பார்க்கிற குரல் பெரும்பாலும் பெரியவர்களுக்கான நாவல். அடுத்து என்ன ஆகும் என்று தெரியாமல் பதினாறுக்குள்ளேயே நின்று பேசுகிற குரல்தான் பதின்பருவ நாவலின் குரல். எல்லைக்கோட்டில் நிற்கும் நூல்களும் உண்டு. மார்கஸ் ஸூசாக்கின் 'தி புக் தீஃப்' ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாகவும், அமெரிக்காவில் பதின்பருவ நாவலாகவும் வெளியானது. அப்படிப்பட்ட நூலென்றால் அதையும் மதிப்புரையில் சொல்லிவிடுவது நல்லது.

எண்களை நம்புவது

பள்ளிகளில் 'லெக்ஸைல்' அளவைப் பார்த்து நூல் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. வாக்கியங்களின் நீளத்தையும், சொற்கள் எவ்வளவு பரவலாகப் புழங்குகின்றன என்பதையும் கொண்டு கணக்கிடும் எண் அது. கதைக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' முதல் நூலின் அளவு 950. பிள்ளைகளைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்லவைக்கும் 'தி ஹங்கர் கேம்ஸ்' 810. எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் மூத்த பிள்ளைகளுக்கானது என்று ஆகிவிடும்.

இதற்குப் பதிலாக வாசிப்பைக் கடினமாக்கும் விஷயங்களைச் சொல்லுங்கள்: அத்தியாயங்கள் எவ்வளவு நீளம், கதை சொல்பவர்கள் எத்தனை பேர், காலம் முன்னும் பின்னும் தாவுகிறதா, வட்டாரப் பேச்சு எவ்வளவு. தடிமனும் ஏமாற்றும். ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017) 300 பக்கம் போகும், ஆனால் முழுக்கக் கவிதை வடிவில் எழுதியது; ஒரு பக்கத்தில் சில வரிகள்தான். அண்ணனைக் கொன்றவனைச் சுடப் புறப்பட்ட பையன் லிஃப்டில் கீழிறங்கும் ஒரு நிமிடம்தான் மொத்தக் கதை. தமிழ்வழியில் படித்து, முதல் ஆங்கில நாவலைத் தேடும் பதினாறு வயது மாணவருக்கு இதை ஒரே நாளில் முடித்துவிட முடியும். "300 பக்க நாவல்" என்று மட்டும் எழுதினால் அந்த மாணவர் அட்டையைக்கூடத் திறக்கமாட்டார்.

"சில கனமான காட்சிகள் உண்டு"

மதிப்புரைகளில் மிக அதிகமாகக் கெடுதல் செய்கிற வரி இது. பயந்த பெற்றோர் நூலையே ஒதுக்கிவிடுவார்கள். எச்சரிக்கை உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைக்கோ இதிலிருந்து ஒன்றும் தெரியாது. என்ன நடக்கிறது, நேரடிக் காட்சியாகவா நினைவாகவா, நூலின் எந்தப் பகுதியில், எவ்வளவு நீளம் என்ற நான்கையும் எழுத வேண்டும்.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நூலுக்கு இப்படி எழுதலாம்: "ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையில் ஒரு விருந்தில் கதாநாயகிக்கு நேர்ந்த பாலியல் வன்முறைதான் மையம். முதல் பாதியில் அது பெயர் சொல்லப்படாமல் நிழலாகவே வருகிறது. பிற்பாதியில் நினைவாக விரிகிறது. முடிவுக்கு அருகில் அதே ஆள் மறுபடி தாக்க வருகிறான். அவள் எதிர்த்து நிற்கிறாள்." இதைப் படிக்கிற ஆசிரியர் நூலை யாருக்கு எப்போது தரலாம் என்று தானே முடிவு செய்துகொள்வார். திருப்பங்களும் இதில் வெளிப்படுவதால், இந்தக் குறிப்பை மதிப்புரையின் கடைசியில், முன்னறிவிப்போடு தனியாக வையுங்கள். மேலே கதைச்சுருக்கம் எழுதும்போது நாவலின் முதல் கால் பகுதியைத் தாண்டக் கூடாது.

தற்கொலை வரும் நாவல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். முறையை விவரிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் வழிகாட்டுதல் மதிப்புரைக்கும் பொருந்தும். முடிவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐக் கொடுத்துவிடுங்கள்.

கதாபாத்திரம் பக்குவமாக இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பது

பதினைந்து வயதில் அவசரப்படுவதும் நண்பனிடம் பொய் சொல்வதும் குறையில்லை. அந்த வயது அப்படித்தான். அந்த அவசரத்துக்கான காரணத்தை நாவல் நமக்குக் காட்டியதா என்பதே கேள்வி. காட்டவில்லை என்றால் அது எழுத்தின் குறை, அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

வேறு ஊர்க் கதையைப் பாடமாக்குவது

ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' (2017) நாவலை "நிறவெறி பற்றிய நல்ல பாடம்" என்று சுருக்கிவிடுகிறோம். நண்பனைப் போலீஸ் சுட்டுக் கொல்வதைக் கண்ணெதிரே பார்த்த பெண்ணின் கதை அது. கூடவே, கறுப்பினத்தவர் வாழும் தன் பகுதியில் ஒரு மாதிரியும், வெள்ளை மாணவர்கள் நிறைந்த பள்ளியில் வேறு மாதிரியும் பேசிப் பழகி, இரண்டு ஆளாகவே வாழ்கிற பெண்ணின் கதையும்கூட. வீட்டுத் தமிழைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது கதை உடனே பிடிபடும். மதிப்புரையில் அந்த வாசலைக் காட்டுங்கள். அதே சமயம், கறுப்பின வாழ்க்கை சரியாக வந்திருக்கிறதா என்பதற்கு அந்தச் சமூகத்து விமர்சகர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுவதுதான் நியாயம்.

"இது பிடித்தால் அதுவும் பிடிக்கும்"

'தி ஹங்கர் கேம்ஸ்' பிடித்தது என்று ஒரு பெண் சொன்னால், உடனே இன்னொரு கொடுங்கோல் எதிர்கால நாவலை எடுத்து நீட்டுகிறோம். அவளுக்குப் பிடித்தது எது? காட்டில் தனியாகப் பிழைத்துக் கிடப்பதா, தங்கைக்காகத் தன்னைக் கொடுப்பதா, அரசின் பொய்யை உடைப்பதா, அத்தியாய முடிவில் எல்லாம் மூச்சு வாங்க வைக்கும் வேகமா? நான்குக்கும் நான்கு வேறு நூல்கள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், வாசகர்கள் ஒரு நூலுக்குள் நுழையும் கதவுகள் என்று கதை, பாத்திரம், களம், மொழி ஆகிய நான்கைச் சொல்வார். "அதில் எந்த இடம் திரும்ப நினைவுக்கு வருது?" என்று கேட்டாலே எந்தக் கதவு என்று தெரிந்துவிடும்.

பத்து நூல்களின் பட்டியலைக் கொடுத்தால் பிள்ளை ஒன்றையும் எடுக்காது. மூன்று போதும்: பிடித்த நூலுக்கு மிக நெருக்கமானது ஒன்று, சற்று விலகியது ஒன்று, பிள்ளை தானாகத் தேடிப் போயிருக்காதது ஒன்று. பையன்களுக்கானது, பெண்களுக்கானது என்று பிரிக்கவே வேண்டாம். தொடர்நாவல் என்றால் எத்தனையாவது பாகம், தொடர் முடிந்துவிட்டதா, இந்தப் பாகம் நடுவழியில் நிற்கிறதா என்று கட்டாயம் சொல்லுங்கள்.

பதிப்பகம் இலவசமாக அனுப்பிய பிரதி என்றால் முதல் வரியிலேயே தெரிவியுங்கள். சமூக ஊடகங்களில் எழுதுவோருக்கு இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதலும் இதைக் கேட்கிறது. வெளியீட்டுக்கு முன் வரும் மெய்ப்புப் பிரதியிலிருந்து மேற்கோள் எடுத்தால், அச்சான நூலோடு ஒப்பிட்ட பிறகே போடுங்கள். கடைசி நேரத்தில் வரிகள் மாறும்.

கொடுத்த நூலைப் பிள்ளை 60-ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டால் முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எந்தப் பக்கத்தில், எதனால் நிறுத்தினாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதை வைத்து அடுத்த மூன்றைத் தேர்ந்தெடுங்கள்.