கறுப்புப் பூனைக்குள் பிசாசு இருக்கிறதா? பைபிளை வைத்து நாம் செய்யும் சில தவறுகள்

மழைக்கு ஒதுங்கிய ஒரு கறுப்புப் பூனைக்குட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பால் ஊற்றி வளர்த்தார்கள். ஜெபத்துக்கு வந்த ஒருவர், "இதை வீட்டுல வைக்காதீங்க, அசுத்த ஆவிக்கு வாசல்" என்றார். மறுநாள் அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டார்கள். அடியில் பால் காய்ந்த கிண்ணம் இரண்டு நாள் வாசற்படியிலேயே கிடந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அவர் சொன்னதற்கு பைபிளில் ஆதாரம் இல்லை. புரட்டஸ்டண்ட் பைபிளின் 66 நூல்களில் வீட்டுப் பூனையே வராது. கத்தோலிக்க பைபிளில் பாரூக்கு 6ஆம் அதிகாரத்தில் ஒருமுறை வருகிறது. அங்கேயும் வௌவால், பறவைகளோடு சேர்ந்து சிலைகள்மேல் உட்காருகிறது, அவ்வளவுதான். 1233இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி எழுதிய மடலில், ஜெர்மனியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சடங்கின் வர்ணனையில் கறுப்புப் பூனை வருவது உண்மை. ஆனால் பூனைகளைக் கொல்லும்படி அதில் கட்டளை எதுவும் இல்லை. அந்த மடலால் பூனைகள் அழிந்து, எலி பெருகி, கொள்ளைநோய் வந்தது என்று பரவும் கதையையும் நம்ப வேண்டாம். நோய் ஐரோப்பாவுக்கு வந்தது 1347இல், அதாவது நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து.

சரி, பாம்பு? ஆதியாகமம் 3ஆம் அதிகாரம் அதைத் தந்திரமுள்ளது என்கிறது. சாத்தான் என்ற பெயர் அங்கே இல்லை. வெளிப்படுத்தல் 12:9தான் 'பழைய பாம்பு' என்று சொல்லி இரண்டையும் சேர்க்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இடங்களைத் தாண்டிப்போவதுதான் தவறு. பாம்புக் கடியால் செத்துக்கொண்டிருந்த மக்கள் பிழைக்க மோசே உயர்த்தியது ஒரு வெண்கலச் சர்ப்பத்தை. யோவான் 3:14இல் இயேசு தம் சிலுவைக்கே அதை ஒப்பிடுகிறார். சர்ப்பங்களைப்போல விவேகமாயிருங்கள் என்று சீஷர்களுக்கும் சொல்கிறார். மாதா சுரூபத்தின் காலடியில் நசுங்கிக் கிடக்கும் பாம்பு பாவத்தின் அடையாளம். கோவில் காம்பவுண்டில் எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பை அதோடு முடிச்சுப்போட்டு அடித்துக் கொல்வதில் விசுவாசம் எதுவும் இல்லை.

சிங்கத்தைப் பாருங்கள். 1 பேதுரு 5:8இல் கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசுக்கு உவமை. வெளிப்படுத்தல் 5:5இல் யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து. ஒரே மிருகம்தான், எதற்கு உவமை என்பதுதான் மாறுகிறது.

அடுத்த குழப்பத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கொஞ்சம் காரணம் என்று நினைக்கிறேன். லேவியராகமம் 11இல் சாப்பிடக்கூடாத மிருகங்களும் 'அசுத்தம்', சுவிசேஷத்தில் பேயும் 'அசுத்த ஆவி'. காதில் ஒரே சொல் விழுவதால் இரண்டும் ஒன்றாகத் தோன்றுகிறது. லேவியராகமத்துப் பட்டியல் இஸ்ரவேலருக்குக் கொடுத்த சடங்கு விதி. அதில் ஒட்டகம் இருக்கிறது, யோவான்ஸ்நானன் உடுத்தியதோ ஒட்டகமயிர் உடை. கழுகு இருக்கிறது, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்கிறது ஏசாயா 40:31. காகமும் இருக்கிறது. அதே காகங்கள்தான் கேரீத் ஆற்றண்டையில் எலியா தீர்க்கதரிசிக்குக் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. அப்புறம் யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனத்தில், தேவன் சுத்தமாக்கியதைத் தீட்டாக எண்ணாதே என்ற சத்தமும் வந்துவிட்டது.

மாற்கு 5இல் வரும் பன்றிகளையும் இப்படித்தான் பழிக்கிறோம். ஆவிகள் முதலில் இருந்தது மனிதனுக்குள். இயேசு அனுமதித்தபின் அவை பன்றிகளுக்குள் புகுந்து, ஏறக்குறைய 2000 பன்றிகள் கடலில் மாண்டதுதான் அங்கே நடந்தது. வெள்ளாட்டுக்கும் அதே கதை. மத்தேயு 25இன் நியாயத்தீர்ப்பில் அது தண்டனை பெறுகிறவர்களுக்கு உவமையாக இடப்பக்கம் நிற்கிறது, ஆனால் பஸ்கா பண்டிகைப் பலிக்கு வெள்ளாட்டுக் குட்டியும் ஏற்றது என்கிறது யாத்திராகமம் 12:5. பரவலாகச் சுற்றும் ஆட்டுத்தலைப் பிசாசுப் படமோ 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எலிபாஸ் லேவி வரைந்தது, பைபிளிலிருந்து வந்ததல்ல.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ஒன்று. ஆந்தை அலறினால் சாவு, பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்ற ஊர்ச் சகுனங்களைத் தூக்கிவந்து அதற்கு வேத வசனப் பூச்சுப் பூசுகிறோம். "குறிகேளாமலும், நாள்பாராமலும்" இருக்கச் சொல்கிறது லேவியராகமம் 19:26. அந்தப் பூனைக்குட்டியை வெளியே அனுப்பச் சொன்ன அன்று அந்த வீட்டில் யாராவது இந்த வசனத்தை எடுத்து வாசித்திருக்கலாம்.