நரம்பு முனையைத் தசையாக எண்ணிப் படிக்காதீர்கள்

1968இல் பாலூட்டிகளின் மூளையிலிருந்து ஆக்டோமயோசின் (தசையைச் சுருங்கவைக்கும் ஆக்டின், மயோசின் புரதங்களின் கூட்டு) போன்ற ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1973இல் பெர்லும் அவருடைய சகாக்களும் இதற்கு ‘நியூரோஸ்டெனின்’ என்று பெயர் வைத்து, கவர்ச்சியான ஒரு கருதுகோளையும் முன்வைத்தார்கள்: நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைகிறது, இந்தப் புரதம் சுருங்குகிறது, அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருளான நரம்புக் கடத்தி வெளியேறுகிறது. அன்றைக்கு அது நியாயமான ஊகம். அதையே நிறுவப்பட்ட உண்மைபோல இன்றும் எழுதுவதுதான் முதல் தவறு.

வேகத்தைக் கவனித்தாலே சந்தேகம் எழும். கால்சியம் உள்ளே வந்து ஒரு மில்லிவினாடிகூட ஆகாமல், கடத்தியை அடைத்துவைத்திருக்கும் நுண்பை செல்சவ்வோடு இணைந்துவிடுகிறது. அந்த இணைப்பை நடத்துபவை சினாப்டோபிரெவின், சின்டாக்சின், ஸ்நாப்-25 ஆகிய ஸ்நேர் புரதங்கள். கால்சியத்தை உணர்வது சினாப்டோடாக்மின். பொட்டுலினம் நச்சு ஸ்நேர் புரதங்களை மட்டும் வெட்டுகிறது, ஆக்டினைத் தொடுவதில்லை. ஆனாலும் வெளியேற்றம் நின்றுவிடுகிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் ஆக்டினுக்கு அங்கே வேலை இல்லையா என்று மறுகோடிக்குப் போய்விடவும் கூடாது. நுண்பைக் கூட்டத்தைச் சுற்றி அது சாரம் கட்டியதுபோல நிற்கிறது. சினாப்சின் என்ற புரதம் நுண்பையோடும் ஆக்டினோடும் ஒட்டக்கூடியது. மயோசினும் இருக்கிறது. ஆனால் அதைக் கால்சியம் தூண்டும் வழி எலும்புத்தசையின் வழி அல்ல; அங்கே கால்சியம் ஆக்டின் இழைமேல் உள்ள டிரோபோனின் என்ற புரதத்தோடு ஒட்டுகிறது. இங்கே கால்சியத்தோடு சேர்ந்த கால்மோடுலின் என்ற புரதம் ஒரு கைனேஸை (பாஸ்பேட் ஏற்றும் நொதியை) தூண்ட, அது மயோசினின் இலேசான சங்கிலியில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. எலும்புத்தசைப் பாடத்தின் படத்தை அப்படியே நரம்பு முனைக்குப் பெயர்த்து வரைபவர்கள் தடுமாறும் இடம் இது.

ஆய்வகத்தில் நடக்கும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. மூளைத் திசுவை 0.32 மோலார் சுக்ரோஸில், குளிரில், டெஃப்லான் உலக்கையால் மெதுவாக அரைத்தால் நரம்பு முனைகள் பிய்ந்து, தாமாகவே மூடிக்கொண்டு சினாப்டோசோம்களாகின்றன. அடர்த்திப் படிநிலையில் சுழற்றினால் 0.8, 1.2 மோலார் அடுக்குகளுக்கு இடையே அவை தங்கும். செய்தியைப் பெறும் எதிர்ப்பக்கச் செல்லின் சவ்வில் ஒரு துண்டும் பல நேரங்களில் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆக்டின் மிகச் செறிந்திருப்பதோ அந்தப் பெறும் பக்கத்து டென்ட்ரைட் முட்களில்தான் (நரம்புச் செல்லின் கிளைகளில் உள்ள சிறு புடைப்புகளில்). ஆகவே இந்தப் பகுதியில் அளந்த ஆக்டின் முழுவதையும் அனுப்பும் பக்கத்தின் கணக்கில் எழுதுவது தவறு. மூளை உறைகளையும் இரத்தக் குழாய்களையும் நீக்காமல் அரைத்தால், குழாய்ச் சுவரின் மென்தசை மயோசினும் உங்கள் ‘மூளை மயோசின்’ கணக்கில் ஏறிவிடும்.

அரைத்த பிறகு இழை ஆக்டினுக்கும் தனி மூலக்கூறு ஆக்டினுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, உயிருள்ள செல்லிலும் இதுவே என்று சொல்பவர்களும் உண்டு. கரைசல் நீர்க்கும்போதே இழைகள் அவிழத் தொடங்கிவிடும்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். சைட்டோகலாசின் பி ஆக்டின் இழையின் முனையை மூடுவதோடு குளுக்கோஸ் உள்ளே செல்வதையும் தடுக்கிறது. அதைக் கொடுத்துக் கடத்தி வெளியேற்றம் குறைந்தால், காரணம் ஆக்டினா, பசியா? ஆக்டினைக் குலைத்தாலும் குளுக்கோஸைத் தடுக்காத சைட்டோகலாசின் டி அல்லது லட்ரங்குலின் இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தரும். ஆக்டின் இழையை அவிழாமல் பிடித்துவைக்கும் ஃபல்லாய்டின் எளிதில் செல்லுக்குள் போகாது. மயோசினைத் தடுக்கும் பிளெபிஸ்டாடின் நீல ஒளியில் சிதைந்து செல்லுக்கே நஞ்சாகிறது. நீல ஒளி பாய்ச்சும் ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதன் விளைவைப் படம் பிடிப்பவர்கள் எதை அளக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் எல்லாரும் பழக்கத்தால் பீட்டா ஆக்டினை ஒப்பீட்டுப் பட்டையாகப் போடுகிறார்கள். ஆய்வுப் பொருளே ஆக்டினாக இருக்கும்போது அதை அளவுகோலாக வைப்பது பொருந்தாது. ஒவ்வொரு வரிசையிலும் ஏற்றிய மொத்தப் புரதத்தின் சாயத்தோடு ஒப்பிடுங்கள்.